பாசிக்கு மருந்து தேடும் முன்

கோடை முற்றும்போது தமிழகத்தின் பல ஊர்களில் இதைப் பார்க்கலாம். குளத்து நீர் முதலில் வெளிர்பச்சையாகும். பிறகு கெட்டிப்பட்டு, கையில் அள்ளினால் ஒட்டும். ஒரு விடியலில் மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். அன்றே மனு போகும், கைப்பேசிகளில் படம் பரவும், மறுநாள் மருந்து தெளிக்க ஆள் வரும்.

எந்த மருந்து என்பதில்தான் இப்போது வாக்குவாதம். செம்பு உப்பான மயில்துத்தம் போட்டால் இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்கிறார்கள் சிலர். ரசாயனமே வேண்டாம், வேப்பஞ்சாறும் பழத்தோலில் ஊறிய பயோ என்சைமும் போதும் என்கிறார்கள் தன்னார்வலர்கள். இரண்டும் வீண்வேலை, சுத்திகரிப்பு நிலையம் கட்டாமல் எதுவும் நடக்காது என்கிறார்கள் பொறியாளர்கள். மூன்று தரப்பிலும் அக்கறை இருக்கிறது, ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரு தரப்பு மற்ற இரண்டையும் கேட்பதில்லை. மூன்றையும் ஒரே வேலைத் திட்டமாக வரிசைப்படுத்த முடியும். அந்த வரிசையில் செடிச் சாற்றுக்கும் இடம் உண்டு. அது முதல் இடம் அல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாசி நமக்குப் பகை அல்ல. பாசி இல்லாத குளத்தில் மீனும் இருக்காது. பாசியை நுண்ணுயிர்கள் தின்கின்றன, அவற்றை மீன்குஞ்சு தின்கிறது. கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் வளர்வதே நீரில் மிதக்கும் இந்தப் பாசியையும் நுண்ணுயிர்களையும் நம்பித்தான். பிரச்சினை பாசி இருப்பதில் அல்ல, அளவு மீறிப் பெருகுவதில்தான். அதிலும் நீலப்பசும்பாசி எனப்படும் கூட்டம் தலையெடுத்து நீரின் மேலே ஆடையாகப் படர்ந்துவிட்டால், குளம் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் ஆகாததாகிவிடுகிறது.

செடிகளைக் கொண்டு நீரைத் தெளியவைப்பது நமக்குப் புதிய வித்தை அல்ல. தேற்றான் கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரசி, கலங்கிய நீரை ஊற்றி வைத்தால் அழுக்கு அடியில் படிந்துவிடும். சங்க இலக்கியத்தில் கலித்தொகை இதைக் குறிப்பிடும் அளவுக்குப் பழைய வழக்கம் இது. முருங்கை விதையும் அப்படித்தான். பருப்பை இடித்து நீரில் கலக்கினால், அதிலுள்ள நேர்மின்னூட்டப் புரதம் எதிர்மின்னூட்டமுள்ள களிமண் துகள்களையும் பாசிச் செல்களையும் ஒன்றுசேர்த்துக் கனக்கவைத்து அடியில் தள்ளுகிறது. சூடானில் நைல் நதியின் கலங்கல் நீரைப் பெண்கள் இதே முறையில் தெளியவைத்துப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பாசிச் செல் உடையாமல் முழுதாகப் படிவது இம்முறையின் பெரிய நன்மை.

ஆனால் இவை இரண்டும் பானைக்கும் குடத்துக்கும் உரிய அறிவு. தெளிந்த நீரைச் சீக்கிரம் வடித்துப் பயன்படுத்திவிட வேண்டும். வைத்திருந்தால் விதையின் மிச்சமே அழுகி நாற்றமெடுக்கும். நீரில் ஏற்கெனவே கரைந்துவிட்ட நஞ்சை இவை நீக்குவதில்லை. குடத்தில் நடப்பது ஏரியிலும் நடக்கும் என்று எண்ணும் இடத்தில்தான் தவறு தொடங்குகிறது.

ஏரி அளவில் நடந்த சோதனைகளில் அதிகம் பேசப்படுவது இங்கிலாந்தின் வாற்கோதுமை வைக்கோல். 1980-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே கால்வாய்களிலும் நீர்த்தேக்கங்களிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். வைக்கோலை வலைப்பைகளில் தளர்வாக அடைத்து, மிதவை கட்டி, நீரின் மேல்மட்டத்தில் நிறுத்துவார்கள். அது மட்கும்போது லிக்னின் சிதைந்து வெளிவரும் பீனால் வகைப் பொருள்கள் பாசியின் பெருக்கத்தைத் தடுக்கின்றன என்பது ஒரு விளக்கம். சிதைவில் உண்டாகும் பொருள்கள் வெயில் பட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக உருவாக்குகின்றன என்பது இன்னொரு விளக்கம். விளக்கம் எதுவானாலும், கையாண்டவர்கள் சொல்லும் நிபந்தனைகள் தெளிவானவை. வைக்கோல் புதிய பாசியைத் தடுக்கும். இருக்கும் பாசியைக் கொல்லாது. ஆகவே பாசி வருவதற்கு முன்பே போட வேண்டும். நீர் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் வேலை தொடங்க 6 முதல் 8 வாரம் ஆகும். 20 டிகிரிக்கு மேல் ஒன்றிரண்டு வாரம் போதும். நீரில் ஆக்ஸிஜன் நிறைய இருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் சில குளங்களில் பலன் கிடைத்தது, சிலவற்றில் கிடைக்கவில்லை. எல்லாப் பாசி இனங்களும் ஒன்றுபோல் கட்டுப்படவும் இல்லை.

நம்மிடம் வாற்கோதுமை இல்லை, நெல் வைக்கோல் இருக்கிறது. ஆய்வகச் சோதனைகளில் நெல் வைக்கோல் சாறும் நீலப்பசும்பாசியைத் தடுத்திருக்கிறது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும் என்றால், நம் ஊர்க் குளத்தின் 30 டிகிரி நீரில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். வெந்நீர்போல் காயும் சித்திரை மாதக் குளத்தில் வைக்கோல் வேகமாக அழுகும். அழுகும்போது இருக்கிற கொஞ்ச ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொள்ளும். அளவு தப்பினால் பாசிக்கு முன்னால் மீன் செத்துவிடும்.

இயற்கைக்கும் அளவு உண்டு

செடியிலிருந்து வந்தது, ஆகவே தீங்கில்லாதது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக ஊன்றியிருக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கும் விரால், கெளுத்தி போன்ற வேட்டை மீன்களை ஒழிக்க, ஹெக்டேருக்குச் சுமார் 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போடுவது இந்திய மீன் வளர்ப்பில் நெடுநாள் வழக்கம். அதிலுள்ள சபோனின் மீனின் இரத்த அணுக்களைச் சிதைத்துக் கொல்கிறது. சில வாரங்களில் நஞ்சு தணிந்ததும் அதே புண்ணாக்கு உரமாக மாறிப் பாசியை வளர்க்கிறது. ஒரே செடிப்பொருள் முதலில் நஞ்சு, பிறகு உரம். வேம்பும் இதற்கு விலக்கல்ல. பயிர்ப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் வேப்பங்கொட்டைச் சாறு, பாசியை மேய்ந்து குளத்தைத் தெளிவாக வைத்திருக்கும் நீர்த்தெள்ளுகளையும் பாதிக்கும். அளவு கூடினால் மீன்குஞ்சும் தாங்காது.

பயோ என்சைமின் கதையும் யோசிக்கத் தக்கது. வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து மூன்று மாதம் நொதிக்க வைப்பார்கள். வீட்டில் தரை துடைக்க நல்ல பொருள். சமையலறைக் குப்பையும் குறைகிறது. ஆனால் அது புளித்த, அமிலத்தன்மை உள்ள, கரிமப்பொருள் செறிந்த திரவம். ஏரியில் ஊற்றினால் அதைச் சிதைக்க நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத்தான் செலவழிக்கும். நல்லெண்ணத்தோடு கேன் கேனாக ஊற்றும் இளைஞர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களுடைய உழைப்பு பலன் தரும் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே கவலை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் பரப்பும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள சிறிய குளத்தில் சுமார் 80 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு 0.1 கிராம் சாறுப்பொருள் போதும் என்று வைத்துக்கொண்டால்கூட, 800 கிலோ வேண்டும். அத்தனை இலையை எங்கே பறிப்பது என்பது ஒரு கேள்வி. 800 கிலோ கரிமப்பொருளை ஏற்கெனவே மூச்சுத் திணறும் குளத்தில் கொட்டலாமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பாசியைத் திடீரென்று கொல்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பழங்குடி மக்கள் வாழும் பாம் தீவில், குடிநீர் அணையில் பாசி மண்டியது. மயில்துத்தம் போட்டார்கள். சில நாள்களில் வாந்தியும் கல்லீரல் வீக்கமுமாக 148 பேர் நோயுற்றார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். நீலப்பசும்பாசியின் செல்கள் உடைந்து, உள்ளே அடங்கியிருந்த நஞ்சு நீரில் கலந்ததுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. செல்லை உடைப்பது செம்பு உப்பானால் என்ன, இலைச் சாறானால் என்ன, உள்ளிருப்பது வெளியே வந்துதான் தீரும். நீலப்பசும்பாசியின் நஞ்சுகளில் மைக்ரோசிஸ்டின் என்பது கொதிக்கவைத்தாலும் அழியாது. குடிநீரில் அதன் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் வகைக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்தான். குடிநீர் எடுக்கும் ஏரியில் யாரும் தன்னிச்சையாக எந்த மருந்தையும், அது மூலிகையானாலும், போடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

பாசிக்கு உணவு எங்கிருந்து வருகிறது?

1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் 226 என்ற எண் கொண்ட ஏரியைக் குறுக்கே திரைகட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி அந்தக் கோடையிலேயே பச்சையானது. மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அந்த ஏரியின் படம், நன்னீர்ப் பாசிப் பெருக்கத்துக்குக் கடிவாளம் பாஸ்பரஸ்தான் என்பதை உலகத்துக்கு உணர்த்தியது.

நம் குளங்களுக்கு அது எங்கிருந்து வருகிறது? மனிதக் கழிவிலிருந்து, சலவைத்தூளிலிருந்து, வயலில் மிஞ்சி வழியும் டிஏபி உரத்திலிருந்து, மாட்டுக் கொட்டகையிலிருந்து. ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிராம் பாஸ்பரஸ் வெளியேற்றுகிறார். ஏரி நீரில் லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேர்ந்தாலே ஊட்டம் மிகுந்த நீர் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஒருவருடைய ஒருநாள் கழிவு, சுமார் 28,000 லிட்டர் தூய நீரை அந்த எல்லைக்குத் தள்ளிவிடும். இரண்டு பெரிய தண்ணீர் லாரிகளில் வருவதைவிட அதிகம் இது. ஆயிரம் பேர் உள்ள ஒரு தெருவின் சாக்கடை மழைநீர்க் கால்வாயில் திரும்பிவிட்டால், எந்த மூலிகையால் ஈடுகொடுக்க முடியும்?

உணவை நிறுத்தினால் ஏரி மீளும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரி நல்ல சான்று. ஏரியைச் சுற்றியிருந்த ஊர்கள் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டு ஏரியிலேயே விட்டுவந்தன. சுத்திகரிப்பு பாஸ்பரஸை நீக்கவில்லை. 1955-ல் நீலப்பசும்பாசி பெருகத் தொடங்கியதைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எட்மண்ட்சனும் உடனிருந்தோரும் கண்டு எச்சரித்தார்கள். கழிவுநீரை ஒருங்கே கையாளப் பொது அமைப்பு வேண்டும் என்ற திட்டம் 1958 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்து, புறநகர்களின் ஆதரவு இல்லாமல் தோற்றது. ஆதரவாளர்கள் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. திட்டத்தைச் சுருக்கி, எல்லையைக் குறைத்து, அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மக்கள் முன் வைத்து வென்றார்கள். 1963-ல் தொடங்கி 1968-க்குள் கழிவுநீர் முழுவதும் ஏரியிலிருந்து திருப்பப்பட்டது. நீருக்குள் ஒரு மீட்டர்கூடப் பார்வை போகாதிருந்த ஏரி, 1970-களின் நடுவில் பல மீட்டர் ஆழம் தெரியும் ஏரியானது. யாரும் அதில் மருந்து தெளிக்கவில்லை. கழிவுநீர் கடல் பக்கம் திருப்பப்பட்டது என்பதால் அதுவே நமக்கு அப்படியே மாதிரி ஆகாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஒத்துக்கொள்ளாத ஊர்களை ஒத்துக்கொள்ள வைத்த பொறுமைதான் அந்த ஏரியைக் காப்பாற்றியது.

யார் பங்கு எவ்வளவு?

நம் குளங்களுக்கு உரிமையாளர்கள் பலர், பொறுப்பாளர் ஒருவரும் இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். தெப்பக்குளம் அறநிலையத் துறையிடம். மீன் பிடிக்கும் உரிமை குத்தகைதாரரிடம். வரத்துக்காலில் விழும் சாக்கடை நகராட்சியிடம். மீன் செத்து மிதந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவதற்கு வசதியான ஏற்பாடு இது. எனவே ஒவ்வொரு தரப்பும் தன் பங்கைத் தானே ஒப்புக்கொள்ளும் உடன்பாடு குளத்துக்குக் குளம் தேவை.

உள்ளாட்சி அமைப்பின் பங்கு முதலாவது. வரத்துக்காலில் எத்தனை குழாய்கள் திறக்கின்றன என்று நடந்து எண்ணி, வரைபடம் போட்டு ஊர் அறிய ஒட்ட வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள இடத்தில் இணைப்புத் தர வேண்டும். இல்லாத சிற்றூரில் உறிஞ்சுகுழி அமைத்துத் தர வேண்டும். கழிவுநீர்த் தொட்டி லாரிகள் இரவில் எங்கே கொட்டுகின்றன என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம். அதைத் தடுக்க அதிகாரம் இருக்கிறது. துணிவும், லாரிக்காரர் சட்டப்படி கொட்ட ஓர் இடமும்தான் வேண்டும்.

வீடுகளின் பங்கு சிறியதல்ல. மழைநீர்க் கால்வாயில் வீட்டுக் குழாயைச் செருகியிருப்பவர்கள் நம்மில் பலர். இணைப்புக் கட்டணத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டணத்தைக் குளம் செலுத்துகிறது. வசதியில்லாத வீடுகளுக்கு அந்தக் கட்டணத்தைத் தவணையிலோ ஊர்ப் பொது நிதியிலிருந்தோ தாங்கிக்கொள்வது நியாயம்.

விவசாயிகளின் பங்கில் கடமையும் இருக்கிறது, ஆதாயமும் இருக்கிறது. மண் பரிசோதனை செய்து உரத்தைக் குறைப்பது கடமை. ஆதாயம் குளத்தின் அடியில் படிந்திருக்கிறது. ஆண்டாண்டாகச் சேர்ந்த பாஸ்பரஸ் வண்டலில் தங்கி, கோடையில் அடிமட்டத்தில் ஆக்ஸிஜன் குறையும்போது மறுபடி நீருக்கு ஏறுகிறது. வெளிக்கழிவை நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் பாசி வருவதற்கு இது ஒரு காரணம். குளம் வற்றும் மாதங்களில் வண்டலையும் கரம்பையையும் வண்டி வண்டியாக வயலுக்கு அடித்த நம் முன்னோர், தூர்வாரியதோடு இந்த ஊட்டத்தையும் நிலத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று வண்டல் எடுக்கும்படி 2024-ல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. அதை மண் வியாபாரமாக விடாமல் வயலுக்குப் போகும்படி ஊர் கண்காணிக்க வேண்டும்.

மீன் குத்தகைதாரர் கோழி எருவும் சாணமும் கொட்டுவது பேராசையால் அல்ல. மிதவை உயிர்கள் பெருகினால் மீன் எடை ஏறும் என்ற தொழிலறிவால். அவருக்குப் பச்சை வேண்டும், துவைப்பவருக்கும் குளிப்பவருக்கும் தெளிவு வேண்டும். எவ்வளவு பச்சை என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி, குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போடுவதும் வேண்டுதலுக்கு வெல்லம் கரைப்பதும் பக்தியின் செயல்கள். கரையில் ஒரு தொட்டி வைத்து அதில் கரைக்கச் சொன்னால் பக்தர்கள் மறுக்கமாட்டார்கள். சொல்ல வேண்டியவர்கள் அர்ச்சகரும் அறங்காவலரும். அதிகாரி வைக்கும் பலகையைவிட அவர்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

பள்ளிகளும் கல்லூரிகளும் அளந்து தர வேண்டும். 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டில் கறுப்பும் வெள்ளையும் பூசி, கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிப்பதுதான் செக்கித் தட்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவரால் செய்ய முடியும். கெண்டை வளர்ப்புக் குளத்துக்கு 30, 40 சென்டிமீட்டர் தெரிந்தால் நல்லது. அதற்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. வாரம் ஒருமுறை இந்த எண் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட்டால், மீன் மிதக்கும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு செடிகள் வருகின்றன. முதலில் உயிருள்ள செடிகள். வரத்துக்கால் குளத்தில் சேரும் முகப்பில் கல்வாழையும் சம்பங்கோரையும், மிதவைத் தட்டுகளில் வெட்டிவேரும் வளர்த்தால் ஊட்டத்தை வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். ஹைதராபாத்தின் நெக்னாம்பூர் ஏரியில் 2018 முதல் இத்தகைய மிதக்கும் தீவு பேசப்பட்டு வருகிறது. ஒரு நிபந்தனை உண்டு: வளர்ந்ததை வெட்டிக் கரையேற்ற வேண்டும். விட்டுவிட்டால் அழுகி, எடுத்ததையெல்லாம் குளத்துக்கே திருப்பித் தந்துவிடும். வெட்டுவதற்கு ஆளும் கூலியும் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்து வைக்கோலும் சாறுகளும். கழிவு நின்றுவிட்ட சிறு குளத்தில், பூங்காத் தொட்டியில், தோட்டத்து நீர்த்தொட்டியில் இவற்றைச் சோதிக்கலாம். குளத்தின் ஒரு மூலையைத் தடுத்து, அங்கே மட்டும் போட்டு, போடாத பகுதியோடு ஒப்பிட்டு, விடியற்காலை ஆக்ஸிஜனை அளந்து எழுதிவைத்தால் அது அறிவாகும். அப்படி இல்லாமல் போட்டோவுக்காக ஊற்றினால் நம்பிக்கையாகவே நின்றுவிடும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நம் வெப்பத்துக்கும் நம் பாசிக்கும் நெல் வைக்கோல் எந்த அளவில் பயன்படும் என்று சோதித்து, எளிய தமிழில் கையேடு தருவது அவர்களுடைய பங்கு. அந்தக் கையேடு வரும்வரை தன்னார்வலர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டுக் குழாய்களை எண்ணப் போகலாம்.

இதெல்லாம் நீண்ட வேலை, அதற்குள் குளம் செத்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவசரத்தில் காற்றேற்றி வைத்து ஆக்ஸிஜனைக் கூட்டலாம், மேலே படர்ந்த பாசியை வலையால் ஒதுக்கி அள்ளி எருக்குழியில் போடலாம், மாடுகளை அந்த நீரில் விடாமல் தடுக்கலாம். இவை யாருக்கும் கேடு செய்யாத முதலுதவிகள். முதலுதவி முடிந்ததும் நோயைக் கவனிக்க வேண்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்றும் மே 1 அன்றும் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபைகள் இருக்கின்றன. குளம் வற்றும் முன்பும், வற்றிய பின்பும் ஊர் கூடிப் பேச இதைவிடப் பொருத்தமான நாள்கள் இல்லை. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பக்கத் தீர்மானம் போதும். எந்தக் குழாய், யாருடையது, எந்த மாதத்துக்குள் அடைபடும், செலவு யாருடையது, வண்டல் யார் வயலுக்கு, அளப்பது எந்தப் பள்ளி என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். எந்தச் செடியின் சாற்றைச் சோதிக்கலாம் என்பதைக் கடைசி வரியில் சேர்த்துக்கொள்ளலாம். முந்தைய வரிகள் நிறைவேறியிருந்தால் அந்தச் சாறும் வேலை செய்யும்.